நகைக்கடை டைரி

புத்தாண்டுக்கு நகைக்கடையில் ஓசியாகக் கிடைக்கும் டைரிக்கு ராமேசுவரம் தீவின் மீனவர் ஊரான தங்கச்சிமடத்தில் இரண்டு பிறவி. ஜனவரி 1 அன்று, ‘இனி கோபப்பட மாட்டேன்’ என்று தத்துவமாகப் பிறக்கும். பொங்கலுக்குள் தத்துவம் தீர்ந்துவிடும். மறுபிறவியில் டீசல், ஐஸ், இறால் விலை, மல்லிகை நாற்று பாக்கி. கேட்டால் கூச்சம்: “டைரியெல்லாம் இல்லண்ணே, சும்மா கணக்கு.”

கூச்சம் எதற்கு? புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை தன் டைரியில் என்ன எழுதினார்? கப்பல் வந்தது, பீரங்கி முழங்கியது, சரக்கு என்ன விலை, யார் யாரைப் பற்றிக் கோள் மூட்டினார். அதைத்தான் சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகப் போட்டது. வரலாற்றாசிரியர்கள் இன்னும் அதில்தான் மேய்கிறார்கள். கோபத்தை அடக்குவது பற்றி எழுதியிருந்தால் கரையான்கூடச் சீந்தியிருக்காது.

ஆகவே அண்ணே, ஐஸ் விலையைத் தேதி போட்டே எழுதுங்கள். கடலுக்குப் போக டோக்கன் வாங்கும் வரிசையில் யார் யாரைத் திட்டினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்நூறு வருஷம் கழித்து அதை வைத்து ஒருவர் டாக்டர் பட்டம் வாங்குவார். டீசல் கடன் மட்டும் உங்கள் பேரிலேயே இருக்கும்.