எங்க தோட்டத்துல இல்லாததா?

பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஈப்போவிலிருந்து கிளம்பும் வேன்களில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டைக் கவனியுங்கள். எழுபதைத் தாண்டிய ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். தோளில் துண்டு, மடியில் புந்தோங் கச்சாங் பூத்தே பொட்டலம், சட்டைப் பையில் கோடாலித் தைலம். வேனில் பாதிப் பேருக்கு மாமா, மீதிப் பேருக்குத் தாத்தா. கடற்கரை, காடு, மிருகக்காட்சி சாலை என்று எதற்குக் கூப்பிட்டாலும் விடியுமுன் பசியாறிவிட்டு முதல் ஆளாக வந்து ஏறிக்கொள்வார். ஆனால், போகிற இடத்தில் எதைப் பார்த்தும் ஆச்சரியப்படுவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் ஏறுவார்.

"இது என்ன, எங்க தோட்டத்துல இல்லாததா?"

பயணம் முழுக்க இந்த ஒரே கேள்விதான். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய இவரைத் தோட்டத்து மாமா என்று வைத்துக்கொள்வோம்.

தைப்பிங் மிருகக்காட்சி சாலை 1961-இல் தொடங்கியது. இரவுச் சஃபாரியும் உண்டு. பிள்ளைகள் புலிக்கு முன்னால் வாய் பிளந்து நிற்கும்போது மாமா தொண்டையைச் செருமுவார். "இது குட்டி. விடியக்காலையில நான் பால் வெட்டிக்கிட்டு இருக்கேன். ஆறாவது நிரையில ஒண்ணு நின்னு என்னையே பாக்குது. இதைவிட ரெண்டு மடங்கு." போன விடுமுறையில் அது ஒன்றரை மடங்காக இருந்தது. நாட்டின் காடுகளில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்கிறது தேசியக் கணக்கெடுப்பு. மாமா பார்த்தவற்றையும் சேர்த்துக்கொண்டால் அரசாங்கத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

பின்னாலிருந்து அத்தையின் குரல் வரும். "அது புலியில்லடா, கங்காணி. அதான் மங்கைப் போட்டுட்டு அந்த ஓட்டம் ஓடி வந்தாரு."

அத்தை இல்லாமல் மாமா முழுமையடைய மாட்டார். அதே தோட்டத்தில் அதே பெரட்டுக்கு இருட்டில் எழுந்து ஓடியவர் அத்தை. வீட்டு வேலையும் சேர்த்துப் பார்த்ததால் மாமாவுக்கு முன்பே எழுந்தவர். தோட்டத்தைப் பற்றி அவருக்கு வேறு கருத்து உண்டு. "ஒரு லயத்துக்கே ஒரு குழாய். அதையும் சொல்லுங்க" என்பார். சுற்றுலாவை உண்மையில் அனுபவிப்பது அவர்தான். கொரில்லா பொம்மை முதல் உயிருள்ள முதலை வரை எல்லாவற்றோடும் நின்று படம் எடுத்துக்கொள்வார்.

லுமுட்டில் படகேறிப் பங்கோர் தீவுக்குப் போனால் தெலுக் நிப்பாவில் சாயங்காலம் இருவாச்சிகள் வந்து இறங்கும். வெள்ளைக்காரப் பயணிகள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நிற்பார்கள். மாமா கச்சாங் பூத்தேயைக் கொறித்தபடியே, "இதுங்க எங்க ஸ்டோர் கூரையில உக்காந்திருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம்" என்பார். அங்கேதான் பேரன் ஒருவன் மடக்கினான். "தாத்தா, உங்க தோட்டத்துல கடல் இருந்துச்சா?" மாமா கொஞ்சம் யோசித்தார். "மழை பெஞ்சா இருக்கும்."

பத்து காஜாவில் கெல்லி கோட்டைக்குள் மட்டும் நுழைய மாட்டார். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ரப்பர்த் தோட்டத் துரை, தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கட்டிய மாளிகை அது. வேலை முடியாமலே 1926-இல் துரை லிஸ்பனில் இறந்துபோனார். "கட்டுனது நம்ம ஆளுங்க. அதைப் பாக்க நானே காசு குடுக்கணுமா?" இந்த ஒரு விஷயத்தில் நான் மாமா கட்சி.

அவரை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் கிரிக் தாண்டி, பண்டிங்கில் படகேறி, தெமெங்கோர் ஏரி வழியாக ராயல் பெலும் காட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். 117,500 ஹெக்டர் மழைக்காடு. 2007-இல்தான் மாநிலப் பூங்காவாக அரசிதழில் ஏறியது. உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும். இதைக் கேட்டதும் மாமா சிரித்த சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. 1948-இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கியபோது, பேராக் தோட்டங்களில் முள்கம்பியும் ஊரடங்கும் வந்தன. காட்டோரம் போனால் கம்யூனிஸ்டுக்குச் சோறு கொண்டுபோகிறான் என்று பிடித்துப் போவார்கள். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளையைக் காட்டுப் பக்கம் போகாதே என்று அடித்து வளர்த்தார்கள். இப்போது அதே பிள்ளை துண்டும் தோளுமாகக் காட்டுக்குள் போக வரிசையில் நிற்கிறார்.

உள்ளே போனதும் ஒரு ரகசியம் வெளிப்பட்டுவிடும். மாமாவுக்கு ஒரே ஒரு மரம்தான் தெரியும். ஓராங் அஸ்லி வழிகாட்டி துவாலாங், மெராந்தி என்று அண்ணாந்து காட்டிக்கொண்டே போக, மாமா ஒவ்வொன்றின் பட்டையையும் நகத்தால் கீறிப் பார்த்தார். "பால் வராதா? அப்ப எதுக்கு இத்தனை வளத்து வச்சிருக்காங்க?"

ரஃப்லேசியா பூவிடம்தான் தோற்றார். மாதக்கணக்கில் மொட்டாகவே கிடந்து, விரிந்தபின் ஒரு வாரம்கூடத் தாங்காத பூ. அழுகிய இறைச்சி நாற்றம் அடிக்கும் என்று வழிகாட்டி சொன்னதும் எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். மாமா குனிந்து ஆழமாக மோந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, ஸ்டோர்ல ஒட்டுப்பால் மூட்டையைப் பிரிச்ச மாதிரியே இருக்கு!" அதற்குள் பேத்தியின் காலில் அட்டை ஏறிவிட, மாமா கோடாலித் தைலத்தை ஒரு சொட்டு விட்டார். அட்டை சுருண்டு விழுந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அவருக்குப் பக்கத்தில் நடக்கத்தான் போட்டி.

வீடு திரும்பும்போது கோலகங்சாரில் வேனை நிறுத்தச் சொல்வார். 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று அங்கே வேலி போட்டு நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, விக்கம் என்ற வெள்ளைக்காரர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்து இந்தப் பக்கம் கப்பலேறி வந்த கன்றுகளின் வம்சம்தான் மலாயா முழுக்கப் பரவியது. அதாவது மாமாவின் பால் மரமே அமேசான் மழைக்காட்டுப் பிள்ளை. சொல்லிப் பார்த்தேன். "அப்ப பிரேசில்காரனுக்கும் நம்ம தோட்டத்து மரம் இருக்குன்னு சொல்லு" என்று முடித்துவிட்டு, வேலிக்கு வெளியே நின்று, எங்கே கோடு போட்டு எப்படி உளியை இழுக்க வேண்டும் என்று காற்றில் வெட்டிக் காட்டினார். மணிக்கட்டு இன்னும் மறக்கவில்லை.

அந்தத் தோட்டம் எங்கே என்று கேட்டால் நெடுஞ்சாலையோரம் கையைக் காட்டுவார். பெரட்டுக் களம் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை, கோயிலுக்குப் பின்னால் தாமான் வீடுகள், மிச்சமெல்லாம் செம்பனை. ஐம்பதுகளின் கடைசியிலேயே தோட்டத் துண்டாடல் தொடங்கிவிட்டது. சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசிலேயே தோட்டங்களை வாங்க வைத்தார். மாமாவின் தோட்டம் அந்தக் கணக்கில் வரவில்லை. புலி, இருவாச்சி, கடல் உட்பட எல்லாம் இருந்த அந்த இடத்தைப் பார்க்க மட்டும் இன்று டிக்கெட் கிடையாது.

ஆகவே, அடுத்த விடுமுறையில் உங்கள் வேனில் ஒரு சீட் காலியாக இருந்தால் இவரை ஏற்றிக்கொள்ளுங்கள். அட்டைக்கு உதவுவார், கச்சாங் பூத்தேக்கும் பஞ்சமிருக்காது. புலிக் கதையில் சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்காதீர்கள், பின் சீட்டில் இருக்கும் அத்தையிடம் கேளுங்கள்.