பனிவெளியில் ஒரு வாக்குமூலம்: சகுரா சொன்ன காதல் மெய்யா, பொய்யா?

மசாஷி கிஷிமோட்டோவின் ‘நருட்டோ’ மாங்கா 1999 முதல் 2014 வரை ஜப்பானின் ஷோனென் ஜம்ப் வார இதழில் 700 அத்தியாயங்களாக வெளிவந்து, 72 தொகுதிகளில் நிறைவுற்றது. அதன் 469ஆம் அத்தியாயத்தில், இரும்பு நாட்டின் பனிவெளியில் நின்றபடி, கதைநாயகன் நருட்டோவிடம் அவன் அணித் தோழி சகுரா காதலைச் சொல்கிறாள். அதே நாட்டில், அதே வேளையில், ஐந்து பெருநாட்டு நிஞ்ஜாத் தலைவர்கள் கூடி உலகின் தலைவிதியை நிர்ணயிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அந்த மாநாட்டைப் பற்றி இக்கட்டுரைக்கு அக்கறை இல்லை. ஒரு பெண் சொன்ன சில வாக்கியங்கள் மெய்யா, பொய்யா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். நம் அளவை நூலோர் வகுத்த காண்டல் (நேரே காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கோர் சொல்) என்னும் மூன்றையும் கொண்டு அதை ஆராய்ந்தால், அந்த வாக்குமூலம் பொய் என்பதோடு, அதன் பொருளே நருட்டோ அல்லன் என்பதும் விளங்கும்.

முதலில் காண்டல். ஊரை விட்டோடிய அணித் தோழன் சாஸ்கே இப்போது உலகமே தேடும் குற்றவாளி. அவனைத் திரும்ப அழைத்து வருவதாக நருட்டோ சிறுவயதில் சகுராவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வாக்குக்காகவும் நட்புக்காகவும் மின்னல் நாட்டு நிஞ்ஜாத் தலைவர் முன் பனியில் மண்டியிட்டுக்கூடப் பார்த்துவிட்டான். இந்தச் சூழலில் சகுரா வருகிறாள், சாஸ்கே மேல் தனக்கு இப்போது ஆசையில்லை என்கிறாள், ஒரு குற்றவாளியை விரும்புவது அறிவில்லாத செயல் என்கிறாள், கூடவே இருந்தவன் நருட்டோ, ஊக்கம் தந்தவன் நருட்டோ, ஊரைக் காத்த வீரனும் நருட்டோ என்று அடுக்குகிறாள், கட்டியணைக்கிறாள், வாக்கை மறந்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம் என்கிறாள். கவனிக்க வேண்டியது ஒன்று: அவள் சொன்ன காரணம் ஒன்றுகூடப் பொய்யில்லை. நருட்டோ ஊரைக் காத்தது உண்மை. கூடவே இருந்ததும் உண்மை. ஏதுக்கள் எல்லாம் சரி, முடிவு மட்டும் பொய் என்பது தருக்க நூலாரைத் திகைக்க வைக்கும். ஆனால் காதலில் அதுதான் இயல்பு. ‘ஆகவே உன்னை விரும்புகிறேன்’ என்ற வாக்கியத்தில் சந்தேகத்துக்குரிய சொல் ‘ஆகவே’தான். தேர்வுக் குழுவின் அறிக்கைக்கு வேண்டிய அத்தனை தகுதிகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன. எந்தத் தகுதியும் இல்லாதபோதும் நிற்கும் விருப்பம் மட்டும் நிற்கவில்லை.

இதை எதிர்ப்போர் ஒப்பீட்டைக் கேட்பார்கள், கேட்பது முறையே. இதற்கு முன்பே, 437ஆம் அத்தியாயத்தில், தரையோடு தரையாகக் குத்தி நிறுத்தப்பட்ட நருட்டோவைக் காக்க அவன் ஊர்ப்பெண் ஹினாட்டா தனியே வந்து நின்று காதலைச் சொன்னாள். பதில்கூடக் கேட்கவில்லை, சாகத் துணிந்தவளுக்குப் பதிலால் பயன் ஏது? சகுராவோ ஒரு காரியத்தைக் கேட்டாள்: ஊருக்குத் திரும்பு. அப்படியென்றால் வேண்டுகோள் கலந்த காதலெல்லாம் பொய் என்று விதி செய்துவிடலாமா? செய்ய முடியாது. சாஸ்கே ஊரை விட்டுப் போன இரவில் அவனிடம் காதலைச் சொன்னவளும் இதே சகுராதான். அங்கேயும் வேண்டுகோள் இருந்தது: போகாதே, போவதானால் என்னையும் அழைத்துப் போ. அந்தக் காதலை எந்த ஆய்வாளரும் பொய் என்றதில்லை. இரண்டிலும் அவள் கேட்டது ஒரு பையனின் பயணத் திட்டத்தை மாற்றத்தான். வேறுபாடு எங்கே என்றால், முதல் வேண்டுகோளில் அவள் தன்னையே பயணியாக வைத்தாள். இரண்டாவதில் தனக்கென எதையும் கேட்கவில்லை. காதலைச் சொல்பவள் தனக்கென ஒன்றும் கேட்காதது தியாகமாக இருக்கலாம். காதலாக இருப்பது அரிது.

இனி உரை. முதல் சாட்சி நருட்டோ. அவன் அதை நம்பவில்லை. தமக்குத்தாமே பொய் சொல்லிக்கொள்பவர்களைத் தனக்குப் பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். சூனின் என்னும் நிஞ்ஜாப் பதவிக்கான எழுத்துத் தேர்வில் வெற்றுத்தாளை வைத்திருந்தவனின் மதிப்பீட்டை ஏற்பதா என்பர் சிலர். ஏற்கலாம். சிறுவயது முதல் அவன் கேட்க ஏங்கிய வார்த்தை அது. நம்பினால் முழு லாபமும் அவனுக்குத்தான். தன் லாபத்துக்கு எதிராக ஒருவன் சொல்லும் சாட்சியை எந்த நீதிமன்றமும் எளிதில் தள்ளாது. இரண்டாம் சாட்சி அவர்களுடைய தோழன் சாய். உணர்ச்சியை அறுத்து வளர்க்கப்பட்டு, புன்னகையைப் புத்தகம் பார்த்துக் கற்றவன். போலிப் புன்னகையில் அவனைவிட அனுபவசாலி அந்த ஊரில் கிடையாது. சகுரா சொல்ல வந்ததும் சொல்லாமல் விட்டதும் என்ன என்பதை நருட்டோவிடம் பின்னர் போட்டு உடைத்தவன் அவனே.

தொடரின் முடிவில் அவள் சாஸ்கேயைத்தானே மணந்தாள், அதற்குமேல் ஆய்வு எதற்கு என்று கேட்போரும் உண்டு. அந்தச் சான்று நமக்குச் சாதகமானது, ஆயினும் ஏற்பதற்கில்லை. பின்னால் நடந்த திருமணத்தைக் கொண்டு முன்னால் சொன்ன சொல்லை அளப்பதானால், மனம் மாறிய காதலர் அனைவரும் பொய்யர் ஆவார்கள். கட்டியணைத்தாளே என்பது மற்றொரு வாதம். அந்த அணைப்பு மெய்தான். நருட்டோ படும் பாட்டைப் பொறுக்காமல்தான் அவள் அந்தப் பொய்யையே சொன்னாள். அன்பு மெய்யாக இருந்ததால்தான் காதல் பொய்யாக வேண்டியிருந்தது.

எஞ்சியது கருதல். அங்கிருந்து கிளம்பிய சகுரா, உடன் வந்த தோழர்களை மயக்கப் புகையால் உறங்க வைத்துவிட்டு, நஞ்சு தோய்த்த கத்தியோடு சாஸ்கேயைக் கொல்லத் தனியே போனாள். அவன் முதுகுக்குப் பின்னால் நின்றும் அவள் கை நகரவில்லை. ஆக, அந்த வாக்குமூலத்தில் இருந்தவை இரண்டு பொய்கள். ‘உன்னை விரும்புகிறேன்’ என்பது தெரிந்தே நருட்டோவிடம் சொன்ன பொய். சில நிமிடங்களில் உடைந்தது. ‘அவனை விரும்பவில்லை’ என்பது தனக்கே சொல்லிக்கொண்ட பொய். கத்தியை ஓங்கும்வரை தாங்கியது. நருட்டோ கடிந்துகொண்டது இரண்டாவதைத்தான்; முதலாவதை அவன் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எனவே சகுரா மீதான ஏமாற்றுக் குற்றச்சாட்டு தள்ளுபடி ஆகிறது. நருட்டோ ஏமாறவில்லை, சாயும் ஏமாறவில்லை. ஏமாந்த ஒரே ஆள் சகுராதான். அவள் இதுவரை புகார் எதுவும் கொடுக்கவில்லை.