ஏலத்துக்கு வராத ஆட்டக்காரர்

ஐபிஎல் விதிப்படி ஓர் அணியில் அதிகபட்சம் 25 ஆட்டக்காரர்கள்தான் இருக்கலாம். சென்னை சூப்பர் கிங்ஸின் இருபத்தாறாவது ஆட்டக்காரர் உங்கள் தெருவில் குடியிருக்கிறார். மேற்கு மாம்பலமோ, வியாசர்பாடியோ, விருத்தாசலமோ, தெருவுக்கு ஒருவர் உறுதி. வயது நாற்பத்தைந்து இருக்கும். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். மஞ்சள் சட்டையின் முதுகில் 7 என்று போட்டிருக்கும். முன்பக்கம் கர்ஜிக்க வேண்டிய சிங்கம், தொப்பையின் உபயத்தால் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

மேட்ச் நாளில் அவரிடம், "சாயங்காலம் என்ன சார் பிளான்?" என்று கேட்டுப் பாருங்கள்.

"டாஸ் ஜெயிச்சா பவுலிங்தான் எடுக்கறோம். ராத்திரி பனி இறங்கும். ஸ்பின்னருக்குப் பந்து கையில நிக்காது."

நீங்கள் கேட்டது, குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வருவாரா என்று.

தோனிக்காவது களத்தில் இரண்டே வேலை. ஸ்டம்புக்குப் பின்னால் நிற்க வேண்டும், கடைசியில் வந்து அடிக்க வேண்டும். நம்மவருக்கு வீட்டில் பத்து வேலை. முதலாவது, இடம் மாறாமல் உட்காருவது. 2010-ல் தரம்சாலாவில், பஞ்சாபுக்கு எதிராகக் கடைசி ஓவரில் 16 ரன் வேண்டியிருந்தபோது அவர் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். இர்பான் பதான் பந்தில் தோனி அடுத்தடுத்து சிக்ஸர் அடித்து முடித்துவைத்தார். பிறகு தன் ஹெல்மெட்டிலேயே ஒரு குத்து விட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கடைசி ஓவர் இழுபறி என்றால் நம்மவர் சோபாவிலிருந்து இறங்கி ஃபிரிட்ஜ் ஓரம் போய்விடுவார். முழங்கால் வலிக்கு டாக்டர் தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அந்த டாக்டர் மும்பை இந்தியன்ஸ் ஆள் என்பது இவருடைய சந்தேகம்.

இரண்டாவது, ஆள் நிர்வாகம். 2018 இறுதிப்போட்டியில் ஷேன் வாட்சன் முதல் பத்துப் பந்துகளில் ஒரு ரன்கூட எடுக்காமல் திணறினார். அந்த நேரம் பார்த்து மாமியார் எழுந்து சாப்பிடப் போனார். வாட்சன் 117 அடித்தார், கோப்பை வந்தது. அன்று முதல் சென்னை விரட்டி ஆடும் நாளிலெல்லாம் மாமியாருக்கு நேரத்தோடு சாப்பாடு. "மாப்பிள்ளைக்கு என்மேல இவ்வளவு அக்கறையா!" என்று அந்த அம்மாள் உறவுக்காரர்களிடம் பூரித்துப் போகிறார்.

மூன்றாவது, ஒலி அமைப்பு. "ஏங்க, குக்கர் மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று மனைவி சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போவார். திரும்பி வரும்போது பருப்பு கரியாகியிருக்கும். "அது விசில் அடிக்க அடிக்க விக்கெட் விழுந்துச்சும்மா. எப்படி அணைக்கறது?" என்பார். விசில் போடச் சொல்லித்தான் அணியே கேட்டுக்கொண்டிருக்கிறது, குக்கர் மட்டும் என்ன விதிவிலக்கா என்பது அவர் வாதம்.

மறுநாள் காலை டீக்கடைக்கு அவர் வந்து வாய் திறந்தாலே முடிவு தெரிந்துவிடும். "நேத்து பின்னிட்டோம்ல?" என்றால் வெற்றி. "இவனுங்களுக்கு என்னதான் ஆச்சோ தெரியல" என்றால் தோல்வி. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய கூட்டாளிகளும் 1976-ல் இதை ஆராய்ச்சியாகவே வெளியிட்டார்கள். ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமை தோறும் மாணவர்கள் என்ன சட்டை போட்டு வருகிறார்கள் என்று குறித்தார்கள். வார இறுதியில் கல்லூரியின் கால்பந்து அணி ஜெயித்திருந்தால் கல்லூரிச் சின்னம் போட்ட உடைகள் கூடின. தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தபோது, வென்ற ஆட்டத்தைச் சொல்கையில் 'நாங்கள்' அதிகம் வந்தது. தோற்ற ஆட்டத்தில் அது குறைந்தது. அடுத்தவர் மூட்டிய நெருப்பில் குளிர்காய்வது மனித இயல்பு என்று கண்டுகொண்டார்கள். நம் ஊராக இருந்தால் இதற்குத் தொலைபேசிச் செலவே ஆகியிருக்காது, ஒரு டீயும் வடையும் போதும்.

ஆனால் சியால்டினி ஒன்றை விட்டுவிட்டார். வெற்றி நம்முடையது, தோல்வி அவர்களுடையது, சரி. "நான் அப்பவே சொன்னேன்" என்பது மட்டும் நம்மவரின் தனிச் சொத்து. அதை அணியோடு பங்கு போட்டுக்கொள்ள மாட்டார்.

'நாம்' என்று அவர் சொல்கிறாரே, அந்தக் கூட்டத்தில் யார் யார் சேர்த்தி? 2023 மே 29 இரவு அகமதாபாத்தில் நடந்த இறுதிப்போட்டியைப் பாருங்கள். எதிரணி குஜராத் டைட்டன்ஸ். அவர்களுக்காக 47 பந்தில் 96 அடித்து நம் பவுலர்களைத் துவைத்துக் காயப்போட்டவர் சாய் சுதர்சன், அசல் சென்னைப் பையன். "யாராவது இவனைத் தூக்குங்கடா" என்று நம்மவர் தொலைக்காட்சியைப் பார்த்துக் கதறினார். மழை வந்தது. நள்ளிரவு தாண்டியது. 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறியது. தோனி வந்தார், முதல் பந்திலேயே போனார். கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். வீசியவர் மோகித் சர்மா, 2014-ல் மஞ்சள் சட்டையோடு, அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதாத் தொப்பியை வாங்கியவர். மட்டையோடு நின்ற ஜடேஜா ஜாம்நகர்க்காரர். ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி, முடிந்தது.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். சென்னைப் பையன் குஜராத்துக்கு அடித்தார். சென்னையின் பழைய பவுலர் குஜராத்துக்கு வீசினார். குஜராத்காரர் ஒருவர் குஜராத் மண்ணில் குஜராத்தைத் தோற்கடித்தார். நடுநிசிக்கு மேல் விருத்தாசலத்தில் ஒருவர், "நம்ம ஊரு மானத்தைக் காப்பாத்திட்டான்டா!" என்று சரவெடி கொளுத்தினார்.

அதே ஜடேஜாவுக்கு அந்த சீசன் முழுக்க நம்மவர் செய்த மரியாதை தனிக் கதை. ஜடேஜா ஆடிக்கொண்டிருக்கும்போது சேப்பாக்கமே அவர் அவுட் ஆவதற்காகக் காத்திருக்கும். அவர் போனால்தானே 'தல' தோனி வருவார்? சொந்த அணியின் விக்கெட் விழுந்ததற்குக் கைதட்டி ஆர்ப்பரித்த கூட்டம் கிரிக்கெட் உலகில் அரிது. மேலே இறங்கினால் நான் அவுட் ஆக வேண்டும் என்று காத்திருப்பார்கள் என ஜடேஜாவே மைக் முன்னால் சிரித்துக்கொண்டு சொன்னார். நம்மவருக்கு அதில் குற்ற உணர்ச்சி துளியும் கிடையாது. "அவன் அவுட் ஆகணும்னு நெனைக்கல சார். தல வரணும்னு நெனைச்சோம்" என்று சட்ட நுணுக்கத்தோடு விளக்குவார்.

எதிரியை உறவாக்கிக்கொள்வதிலும் அவர் கை தேர்ந்தவர். 2001-ல் சேப்பாக்கம் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் 15 விக்கெட்டுகளைச் சாய்த்தபோது ஹர்பஜன் சிங் தங்கக் கம்பி. மும்பை இந்தியன்ஸில் சேர்ந்து பத்து வருஷம் நம்மைப் பார்த்து முறைத்தபோது திமிர் பிடித்தவர். 2018-ல் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு தமிழிலேயே ட்வீட் போட ஆரம்பித்ததும், "பாத்தியா, மனுஷன் மனசு எப்பவுமே நம்ம பக்கம்தான்" என்றாகிவிட்டது. அம்பத்தி ராயுடு மும்பையில் இருந்தவரை யாரென்றே தெரியாது. இங்கே வந்ததும் 2019 உலகக் கோப்பைக்கு அவரை எடுக்காத தேர்வுக்குழுவை நம்மவர் சாபமிட்டார்.

டீக்கடையில் இவரை மடக்குவதற்கென்றே ஒரு அறிவுஜீவி வருவார். "ஏன் சார், அது ஏதோ கம்பெனிக்காரங்க டீம். ஆடறது ராஞ்சிக்காரரும் நியூசிலாந்துக்காரரும். ஜெயிச்சா உங்களுக்கு என்ன சார் கெடைக்குது?"

"நீங்க ஓட்டுப் போட்ட கட்சி ஜெயிச்சுதே, உங்களுக்கு என்ன சார் கெடைச்சுது?"

அறிவுஜீவி வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வார்.

வரலாற்றுப் பெருமையையும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. 1999-ல் சேப்பாக்கம் டெஸ்டில் சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. தோற்ற ஊர் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். "நாங்க விவரம் தெரிஞ்ச கூட்டம் சார்" என்பார். அன்று தானும் எழுந்து நின்று கைதட்டியதாகச் சொல்பவர்கள் அத்தனை பேரையும் உட்கார வைக்கச் சேப்பாக்கம் போதாது, எதிரே மெரினாவையும் வளைத்துப் போட வேண்டும். அந்த விவரமெல்லாம் 2019 இறுதிப்போட்டிப் பேச்சு வந்தால் காற்றில் பறக்கும். அன்று மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். மன்னிக்கவும், தோற்றார்கள். தோனி ரன் அவுட்டே இல்லை என்பது நம்மவரின் அசைக்க முடியாத கட்சி. மூன்றாவது நடுவர் பார்த்த கோணங்களை எல்லாம் இவர் செல்போனில் பத்திரமாக வைத்திருக்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வாய் தவறி "தோனி" என்று சொல்லிவிட்டால் பாயசம் வருவதற்குள் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிடுவார்.

இத்தனை கேலி செய்தாலும், ஓர் இடத்தில் இவருக்கு வணக்கம் வைத்தே ஆக வேண்டும். குளிர்காய வந்தவர் நெருப்பு அணைந்ததும் எழுந்து போயிருக்க வேண்டும். இவர் போகவில்லை. சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு விதித்த தடையால் 2016, 2017 இரண்டு ஆண்டும் அணியே இல்லை. தோனி புனேவுக்கு ஆடப் போனார். நம்மவர் எங்கும் போகவில்லை. "லீவுல இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் பழைய மேட்ச்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். 2018-ல் அணி திரும்பியது. காவிரிப் போராட்டத்தின் சூட்டில் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் நடந்தது, களத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது, மீதி ஆட்டங்கள் புனேவுக்கு மாறின. ரசிகர்கள் 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று தனி ரயிலில் ஏறிப் புனேவுக்கே போய்விட்டார்கள்.

2025 அதைவிடக் கொடுமை. 2008-க்குப் பிறகு முதல் தடவையாகப் பெங்களூரு வந்து சேப்பாக்கத்திலேயே நம்மை அடித்துவிட்டுப் போனது. பட்டியலில் சென்னைக்குப் பத்தாவது இடம். அதற்குக் கீழே வேறு இடம் இல்லாததால் அங்கேயே நின்றது. போதாக்குறைக்குப் பதினேழு சீசன் கோப்பையைக் கண்ணால் பார்க்காத பெங்களூரு அந்த வருடமே கோப்பையைத் தூக்கியது. நம்மவர் வருஷா வருஷம் எதிர் ஃபிளாட்காரரிடம் "இந்த வாட்டியாவது கப்பு உண்டா சார்?" என்று கேட்டு மகிழ்ந்த ஒரே நகைச்சுவையும் பறிபோனது. எதிர் ஃபிளாட்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினார். நம்மவர் மைசூர்பாகை எடுத்துக்கொண்டு, "ஒண்ணு எங்க சார், அஞ்சு எங்க?" என்று கேட்டார். 2010, 2011, 2018, 2021, 2023 என்று விரல் விட்டு எண்ணியும் காட்டினார். அந்த சீசனில் சென்னையின் கடைசி ஆட்டத்தையும், ஜெயித்தாலும் தோற்றாலும் பிளே ஆஃப் கிடையாது என்று தெரிந்தும், ஃபிரிட்ஜ் ஓரமாக உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார்.

ஏலக் காலத்தில் இவர் பேச்சே தனி. வீட்டில் வாஷிங் மெஷின் வாங்க மூன்று வருடமாகக் கடை கடையாக விலை விசாரித்துக்கொண்டிருப்பவர், நூற்றுச் சொச்சம் கோடியை எப்படிச் செலவு பண்ணுவது என்று அரை மணி நேரத்தில் தீர்த்துச் சொல்லிவிடுவார். அஸ்வினை 9.75 கோடி கொடுத்துத் திரும்பக் கூட்டி வந்தபோது, "வீட்டுப் பிள்ளை வீட்டுக்கு வந்துருச்சு, விலையா பாக்கறது?" என்றார். சீசன் முடிந்ததும், "காசைக் கரியாக்கிட்டானுங்க" என்றார். ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், போகிறார்கள். கேப்டன் மாறுகிறார். யாரும் விலை கேட்காததால் ஒரே அணியில் நிலைத்திருப்பவர் இவர் ஒருவர்தான்.

2025 நவம்பரில் அடுத்த சோதனை வந்தது. சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டு ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் துக்கம். அகமதாபாத்தின் அந்தக் கடைசி இரண்டு பந்தை நம்மவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து சாம்சன் எப்போதுமே மனசால் சென்னைக்காரர்தான் என்பதற்கு ஆதாரம் திரட்ட ஆரம்பித்தார்.

பன்னிரண்டு வயது மகன்தான் கேட்டான். "ஏம்ப்பா, நாளைக்கு ஜடேஜா வந்து நம்மளையே ஆல் அவுட் பண்ணிட்டா என்ன பண்ணுவ?"

நம்மவர் யோசிக்கவே இல்லை. "பண்ணத்தான்டா செய்வான். யாரு கத்துக்கொடுத்தது? நாமதானே!"