ஒரு ஜோடி கப்பி 412 ரூபாய்

உங்களுக்கும் இந்த வியாதி இருந்திருக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் யூடியூபில் அடுத்தவர் வீட்டு மீன் தொட்டியைப் பார்ப்பது. எனக்கு அது முற்றிப்போய், தென்காசியில் ஒரு படுக்கையறைக்குள் பவளப்பாறை வளர்க்கலாம் என்கிற அளவுக்குப் போனது.

அமெரிக்காவில் பவளத்தை வீட்டிலேயே வளர்த்து, துண்டு போட்டு விற்கிறார்கள். சில ரகங்களைத் தலை எண்ணி விற்கிறார்கள், ஒரு தலைக்கு இத்தனை டாலர் என்று. கால்குலேட்டரை எடுத்தேன். பன்னிரண்டு மணிக்குள் லட்சாதிபதி ஆகிவிட்டேன். காலையில் பால்காரருக்குக் கொடுக்கச் சில்லறை இல்லை.

முதலில் சாமான் வாங்கினேன். புரோட்டீன் ஸ்கிம்மர், நீல லைட், வெளிநாட்டுக் கடல் உப்பு ஒரு வாளி. வீட்டுக்காரி வாளியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். "பஸ் ஏறினா தூத்துக்குடி. அங்க உப்பு மலை மலையாக் குவிஞ்சு கெடக்கு. நீங்க கப்பல்ல வரவழைச்சிருக்கிய." அறிவியல்பூர்வமாக விளக்கினேன். பாதியில் எனக்கே புரியாமல் போனது.

எல்லாம் வாங்கிய பிறகு சட்டத்தைப் படித்தேன். நம் வரிசை அதுதானே? பாறை கட்டும் பவளங்கள் 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போய்விட்டன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி, 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள்ளேயே போயிருக்கின்றன. புலி இருப்பதும் அதே அட்டவணையில்தான். அதாவது நான் படுக்கையறையில் வளர்த்துத் துண்டு போட்டு விற்க நினைத்தது, கிட்டத்தட்டப் புலிக்குட்டி.

ஸ்கிம்மர் பரணில் ஏறியது. அங்கே ஏற்கெனவே இருந்த யோகா பாய் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தது.

சரி, கப்பி மீன் வளர்ப்போம். கப்பிக்குச் சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை. முட்டை, அடைகாப்பு என்று இழுத்தடிக்காமல் மாதம் ஒரு தடவை நேராகக் குட்டியே போடும். ஆறு மாதத்தில் தொட்டி நிறைந்து, வாளி நிறைந்து, கடைசியில் அந்த வெளிநாட்டு உப்பு வாளிக்கும் ஒரு வேலை கிடைத்தது.

விற்றே ஆக வேண்டும். நியாயமான விலை வைக்க வேண்டும் என்று எக்ஸெல்லைத் திறந்தேன். கரண்டு, தீவனம், மருந்து, செத்துப்போன மீன்களின் பங்கு, என் பொன்னான நேரம். யாரும் பார்க்கவில்லை என்று ஸ்கிம்மரையும் உப்பையும் அதிலேயே சேர்த்தேன். ஜோடி 412 ரூபாய் வந்தது. பெருந்தன்மையாக 400 என்று வைத்தேன்.

மீன் கடை அண்ணாச்சி சென்னை கொளத்தூரிலிருந்து மொத்தமாக மீன் இறக்குகிறவர். கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லா வளத்திருக்கிய. ஜோடி பத்து ரூவா தாரேன்."

"அண்ணாச்சி, கரண்டு பில்லே..."

"கொசுவ ஒழிக்க இத சும்மால்லா கெணத்துல விடுதாங்க."

கவரோடு வண்டியைக் குற்றாலத்துக்கு விட்டேன். சாரல் நேரம். ஐந்தருவி ரோட்டில் ஒரு ஆச்சி மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தார், கிலோ 300. அடிபட்டவனுக்கே உரிய கோபத்தில், "200-க்குத் தாங்க" என்றேன்.

"வீட்டு மரம்யா. காய்க்கதுக்கே பத்து வருசம் காத்துக் கெடந்தோம். அதுக்கு வட்டியா கேக்கேன்?"

மாதம் ஒரு தடவை குட்டி போடும் மீனுக்குக் காத்திருப்புக் கூலி போட்டவன் நான். வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தோடேயே 250-க்கு முடித்தேன்.

ஆச்சி நிறுத்துக் கட்டிய பிறகு, மேலே ஒரு பழத்தைக் கொசுறாக வைத்தார். என் எக்ஸெல்லில் கொசுறுக்கு ஒரு கட்டமே இல்லை.

மறுநாள் பக்கத்துத் தெருப் பையன் பத்து ரூபாய்த் தாளோடு வந்தான். பேசாமல் ஒரு ஜோடியைப் பிடித்துக் கவரில் விட்டேன். ஆச்சியை நினைத்துக்கொண்டு, கொசுறாக இன்னொன்றையும் விட்டேன். மனசு குளிர்ந்துபோனது.

சாயங்காலமே திரும்பி வந்தான்.

"மாமா, அந்தக் கொசுறு செத்துப்போச்சு. மாத்தித் தாங்க."