கிரீன் டீ விலையியல்: மூலமும் உரையும்

நிழலும் பருவமும் விரலும் விலைதரும்;
அழல்நீர் படின்அம் மூன்றும் கெடுமே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், விலை கூடிய கிரீன் டீ அவ்விலைக்குத் தகுமா என்பதை உணர்த்துதல் நுதலிற்று. பழைய மூலம் எதுவும் கிடைக்காமையின் உரைகாரரே சூத்திரத்தையும் இயற்றிக்கொண்டார். மூலமே இல்லாமல் உரை எழுதுவதைவிட இது நாணயமானது.

'நிழல்' என்றது ஜப்பானின் கியோகுரோ என்னும் தேயிலையை நோக்கி. கியோத்தோவுக்குத் தெற்கே உஜி வட்டாரத்தில், கொழுந்து பறிக்க ஏறத்தாழ 20 நாள் இருக்கும்போதே தோட்டத்துக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். முன்பு நாணல் தட்டியும் வைக்கோலும். இப்போது பெரும்பாலும் கறுப்புத் துணி. செடிக்கு ஏன் இந்த உபசாரம் எனின், வேரில் உண்டாகும் தியானின் என்னும் அமினோ அமிலம் இலைக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் அது கேட்டச்சினாக மாறிவிடும். தியானின் இதமான சுவை. கேட்டச்சின் துவர்ப்பு, கசப்பு. வெயிலை மறித்தால் முன்னது தங்கும். இந்தத் தியானினை முதன்முதலில் பிரித்தெடுத்ததே கியோகுரோ இலையிலிருந்துதான்.

'பருவம்' என்றது சீனத்து ஹாங்சோவின் லோங்ஜிங் தேயிலையை. ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்ததற்கு ஒரு விலை, பின் பறித்ததற்கு வேறு விலை. முகூர்த்த நாள் மல்லிகையை மறுநாள் விசாரித்தவர்களுக்கு இதற்கு மேல் உரை வேண்டா.

'விரல்' வெளிப்படை. ஒரு கிலோ தேயிலைக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்தைக் கிள்ள வேண்டும். உயர்ந்த லோங்ஜிங்கைச் சூடான வாணலியில் வெறுங்கையால் அழுத்தி அழுத்தி வறுக்கவும் வேண்டும். கட்டிய விலையில் அந்த விரல்களுக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்பது இவ்வுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கடைக்காரரைக் கேட்டாலும் அவர் எல்லைக்கும் அப்பாற்பட்டது என்பார்.

'உடம்புக்கு நல்லது; ஆகையால் விலை' என்பார் ஒரு சாரார். அற்றன்று. உடம்புக்கு நல்லது என்று டப்பாவில் அச்சடிக்கப்படும் கேட்டச்சின், நிழலில் வளர்ந்த இலையில் குறைவு. வெயில் குடித்துக் கோடையில் பறிபடும் மலிவு இலையில் மிகுதி. மருந்தென்று குடிப்பவர் விலை கூடக்கூட மருந்தைக் குறைத்துக்கொண்டே போகிறார். இளைப்பதற்காகக் குடிப்பவரோ எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை: பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2012இல் கண்ட எடைக்குறைவு மிகச் சொற்பம். மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் போகாமல் இருப்பது செலவில்லாதது.

இனி 'அழல்நீர்'. எட்டாம் நூற்றாண்டில் தேயிலைக்கென்றே நூல் செய்த சீனத்து லூ யூ, நீரை மூவகைப்படுத்தினார்: மலைநீர் தலை, ஆற்றுநீர் இடை, கிணற்றுநீர் கடை. கேன் தண்ணீருக்கு அவர் இலக்கணம் கூறவில்லை. கொதியையும் மூன்றாக்கினார். மீன்கண் போலக் குமிழி எழுவது முதல் கொதி. பாத்திர ஓரத்தில் முத்துக்கோவை போல எழுவது இரண்டாவது. அலையாய்ப் புரள்வது மூன்றாவது. அதற்கு மேல் போன நீர் கிழடு, குடிக்கத் தகாது என்பது அவர் துணிபு. கியோகுரோவுக்கு 50, 60 பாகை போதும். அந்தச் சூட்டில் தியானின் இறங்கிவிடும். கேட்டச்சின் பெரும்பகுதி இலையிலேயே கிடக்கும். கொதிநீரை ஊற்றினால் எல்லாம் ஒன்றாக இறங்கும். இருபது நாள் பந்தல் போட்ட கூலி அந்த நொடியில் போயிற்று.

களச்சான்று: தோக்கியோவிலிருந்து தம்பி மகன் கொண்டுவந்த கியோகுரோவின் வெள்ளித்தாள் பொட்டலத்தைப் பெரியம்மா பிரித்தார். ஊசிபோல் சுருண்ட கரும்பச்சை இலை. கெட்டிலில் மூன்றாம் கொதி.

"பெரியம்மா, கொஞ்சம் ஆறட்டுமே."

"ஆறின தண்ணியில டீ போட நான் என்ன ஜப்பான்காரியா?"

ஊற்றினார். அரை எலுமிச்சை, இரண்டு கரண்டி தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு காசு? நம்ம டீ பேக்கே தேவலை" என்றார். அந்தச் செய்முறைக்கு அத்தீர்ப்பு முற்றும் சரி, மேல்முறையீட்டுக்கு இடமில்லை. இன்னும் இரண்டு முறை நீர் ஊற்றத்தக்க இலை, கறிவேப்பிலைத் தொட்டிக்கு உரமாயிற்று. ஜப்பானில் அதைச் சோயா சாறு தெளித்துத் தின்பாரும் உளர்.

ஆனால் அத்தீர்ப்பில் தொக்கி நிற்கும் 'டீ பேக் மலிவு' என்ற பகுதி ஆராயத்தக்கது. 25 பை 150 ரூபாய், பைக்கு 1.3 கிராம் என்று வைத்துக்கொண்டால், கிலோ 4,600 ரூபாய்க்கு மேல் வருகிறது. உள்ளிருப்பதோ பெரும்பாலும் தூளும் நொறுங்கலும். குன்னூர்ப் பக்கத்துக் கிரீன் டீயை உதிரியாக வாங்கி, கொதித்த நீரை இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுபவர் இதைவிட நன்றாகக் குடிக்கிறார் என்பது உரைகாரர் கருத்து.

அஃதேல், கியோகுரோவை எவர் வாங்கலாம்? 100 கிராம் 3,000 ரூபாய் எனில் 5 கிராம் 150. மூன்று முறை ஊற்றினால் கிண்ணத்துக்கு 50. கிண்ணம் சிறிது, இரண்டு மிடறு. ஆயினும் குளிரூட்டிய ஓட்டலில் அதே காசுக்கு முக்கால் டம்ளர் நுரையோடு ஃபில்டர் காபி வாங்கிக் குடித்துவிட்டு, சர்வருக்கு டிப்ஸும் வைப்பவர் இவ்விலையைப் பற்றி வினவ உரியரல்லர் என்க.