வட துருவத்தில் எவன் ஏறுவான்?

சித்தப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கிலோமீட்டர் செல்லாது, ஸ்டேஜ் கணக்குதான். கலிபோர்னியாவில் மகளுக்குப் பேறுகாலம் என்றதும், கரிவலம்வந்தநல்லூர் வீட்டுத் திண்ணையில் விசாரணை தொடங்கிவிட்டது.

"பெங்களூர்ல ஏறினா நேரா சான் பிரான்சிஸ்கோதான் சித்தப்பா. சுமார் 14,000 கிலோமீட்டர்."

"நடுவுல டீக்குக்கூட நிறுத்த மாட்டானா?"

செல்போனில் பாதையைக் காட்டினேன். கோடு வடக்கே ஏறி, உச்சியைத் தொட்டு, அந்தப் பக்கம் இறங்கியது. சித்தப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அமெரிக்கா மேக்கதான இருக்கு? இவன் எதுக்குத் தலையச் சுத்தி மூக்கத் தொடுதான்?"

"வட துருவம் பக்கமாப் போறதுதான் குறுக்கு வழி."

"அங்க எவன்யா ஏறுவான்?"

2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்தச் சேவையைத் தொடங்கியபோது, கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்துக்கு மேலே பறந்து பெங்களூர் வந்து சேர்ந்தார்கள் என்றேன். "பொம்பளைக வழி கேட்டு ஓட்டுவாக, சரியாத்தான் இருக்கும்" என்று சித்தி தீர்ப்புச் சொன்னாள். சித்தப்பா அசையவில்லை.

வேறு வழியின்றி அடுப்படியிலிருந்து ஒரு தேங்காயைக் கொண்டுவந்தேன். பெங்களூருக்கு ஒரு புள்ளி, ஏறக்குறைய அதற்கு மறுபக்கம் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு புள்ளி. நூலை இழுத்துப் பிடித்ததும் அது தானாகவே குடுமிப் பக்கம் போய் நின்றது. தட்டையான படத்தில் சுற்றுவழியாகத் தெரிவது உருண்டையில் நேர்வழி. உலகத்தின் சுற்றளவே சுமார் 40,000 கிலோமீட்டர்தான்; ஆகவே எவ்வளவு தூரத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தாலும் சம்பந்தி வீடு 20,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போக முடியாது என்றேன். சித்திக்கு இதில் பெரிய ஆறுதல். அந்த நிம்மதியிலேயே தேங்காயை வாங்கி உடைத்துவிட்டாள். உலகம் சட்னிக்குப் போயிற்று.

சித்தப்பா விடவில்லை. "போக எவ்வளவு நேரமோ, வரவும் அதே நேரந்தான?"

அது காற்றின் கையில் இருக்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஒரு காற்று ஓடுகிறது. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வருகிற விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். திரும்பிப் போகிற விமானத்தை மறிக்கும். அதே தூரம்தான், ஆனால் சுமார் ஒரு மணி நேரம் வித்தியாசம்.

"காத்து அடிச்சுச்சுன்னு சொன்னா எங்க டைம் கீப்பர் மெமோ குடுத்துருவான்" என்றார் சித்தப்பா.

பிறகு மறுபடி படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். கரிவலத்துக்கு நேர் வடக்கே விரலை நகர்த்தினார். ராஜபாளையம் தாண்டிப் பெங்களூர் வந்தது. இன்னும் வடக்கே போனார். துருவம் வந்தது. முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த முகத்தில் தெளிவு பிறந்தது.

"அப்ப இது நம்ம ராஜபாளையம் ரூட்டு. அத மொதல்லயே சொல்லித் தொலையக் கூடாதா?"