எந்தப் பாவத்துக்கு உங்கள் ஓட்டு?

1884-ஆம் வருஷத்து அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் வாக்காளர் முன் வைக்கப்பட்ட கேள்வி இதுதான்: கல்யாணம் ஆகாமலே அப்பா ஆனவருக்குப் போடுவதா, ரயில்வே கம்பெனியிடம் கை நீட்டியவருக்குப் போடுவதா? ரெண்டும் வேண்டாம் என்று வீட்டில் படுத்திருக்கலாமே என்பீர்கள். வாக்குரிமை உள்ளவர்களில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் கிளம்பி வந்து போட்டார்கள். சினிமா கிடையாது, கிரிக்கெட் கிடையாது. அந்த ஊர் ஆம்பிளைகளுக்குத் தேர்தல்தான் திருவிழா. பெண்களுக்கு ஓட்டே கிடையாது.

ஜனநாயகக் கட்சி வேட்பாளர் குரோவர் கிளீவ்லாண்ட். பஃபலோ நகரத்து வக்கீல். கனத்த சரீரம், கட்டைப் பிரம்மச்சாரி. ஷெரீஃபாக இருந்தபோது ரெண்டு கொலைகாரர்களைத் தன் கையாலேயே தூக்கில் போட்டவர். 1882-ல் மேயர், 1883-ல் நியூயார்க் கவர்னர், 1884-ல் ஜனாதிபதி வேட்பாளர். லஞ்சம் வாங்கமாட்டார் என்பது ஒன்றே தகுதி; அன்றைய நியூயார்க் அரசியலில் அது உலக அதிசயம்.

வேட்பாளர் ஆன சூட்டோடு பஃபலோ பத்திரிகை ஒன்று, மரியா ஹால்பின் என்ற பெண்ணுக்குப் பத்து வருஷத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு இவர்தான் அப்பா என்று போட்டுடைத்தது. கட்சிக்காரர்கள் பதறிப்போய், என்ன சொல்வது என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்லுங்கள் என்று தந்தி அடித்தார் கிளீவ்லாண்ட். அவ்வளவுதான், குற்றச்சாட்டு அப்படியே பாராட்டுப் பத்திரமாக மாறிவிட்டது. ஆகா, என்ன நேர்மை! அந்தப் பெண்ணோடு பழகிய மற்ற நண்பர்கள் எல்லாம் கல்யாணம் ஆனவர்கள், பாவம், இவர்தான் பெருந்தன்மையாகப் பழியை ஏற்றார் என்று ஒரு கிளைக்கதையும் சேர்ந்துகொண்டது.

மரியா ஹால்பின் வேறு கதை சொன்னார். தன்னைப் பலவந்தப்படுத்தினார் என்று அவர் பெயரில் ஒரு பிரமாண வாக்குமூலம் அக்டோபரில் வெளியானது. அதற்கு முன்பே பிள்ளையை அவரிடமிருந்து பிரித்து அநாதை இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். அவரையே மனநலக் காப்பகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எதிர்க்கட்சி குழந்தை அழுவதுபோல் கத்திக்கொண்டு, அம்மாவிடம் அப்பா எங்கே என்று கேட்கும் கோஷத்தோடு ஊர்வலம் போனது. கோஷம் போட்டவர்களில் அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்க ஆளில்லை.

குடியரசுக் கட்சி வேட்பாளர் மெய்ன் மாநிலத்து ஜேம்ஸ் ஜி. பிளெய்ன். பிரதிநிதிகள் சபையின் முன்னாள் சபாநாயகர். வாயைத் திறந்தால் எதிரியும் கைதட்டுவான். பேனாவைத் திறந்ததுதான் வினை. ரயில்வே பத்திரங்களை விற்றுக்கொடுத்துக் கமிஷன் பார்த்த விவகாரத்தில் அவர் எழுதிய கடிதங்கள் 1876-லேயே முலிகன் என்ற பாஸ்டன் கணக்கரிடம் இருந்தன. பிளெய்ன் அவர் தங்கிய ஹோட்டலுக்கே போய்க் கெஞ்சி வாங்கியவர் திருப்பித் தரவேயில்லை. சபையில் எழுந்து, தனக்குத் தோதான பகுதிகளை மட்டும் படித்துக் கரகோஷம் வாங்கினார்.

மிச்சக் கடிதங்கள் 1884-ல் வெளியே வந்தன. அதில் ஒன்று தனி ரகம். நான் உத்தமன் என்று தனக்குத் தானே ஒரு நற்சான்றிதழ் எழுதி, அதைப் பாஸ்டன் வியாபாரி ஒருவருக்கு அனுப்பி, நீங்களாக எழுதியதுபோல் உங்கள் கைப்பட எழுதி எனக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். கடைசியில், இந்தக் கடிதத்தை எரித்துவிடவும் என்று ஒரு வரி. வியாபாரி எரிக்கவில்லை. வியாபாரி ஆயிற்றே! ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தெருத்தெருவாக அந்த வரியையே கோஷமாக்கினார்கள்.

ஆக ஒருவர் படுக்கையறையில் தப்பு செய்தவர், மற்றவர் ஆபீஸ் அறையில் தப்பு செய்தவர். பிளெய்ன் பிடிக்காத படித்த குடியரசுக் கட்சிக்காரர்கள் ஒரு தீர்ப்பு கண்டுபிடித்தார்கள்: பொதுவாழ்வில் சுத்தமானவரைப் பதவிக்கு அனுப்புவோம், குடும்ப வாழ்வில் சுத்தமானவரைக் குடும்பத்துக்கே அனுப்புவோம். மார்க் ட்வெய்ன் அந்தக் கோஷ்டி. பிரபல பிரசங்கி ஹென்றி வார்ட் பீச்சரும் அந்தக் கோஷ்டிதான். ஒன்பது வருஷத்துக்கு முன் அடுத்தவர் மனைவியோடு தொடர்பு என்று கோர்ட்டில் நின்று, ஜூரிகள் முடிவுக்கு வரமுடியாமல் தப்பியவர். கிளீவ்லாண்டின் பலவீனத்தை அவரைவிட ஆழமாகப் புரிந்துகொள்ளத் தகுதியானவர் யார்?

இந்தத் தர்க்கமெல்லாம் பத்திரிகை படிக்கும் சிலருக்கு. மிச்சப் பேர் எப்படி முடிவு செய்தார்கள்? அநேகமாக முடிவே செய்யவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. வடக்கே காலை இழந்துவிட்டு வந்தவன் வீட்டில் மூன்று தலைமுறைக்குக் குடியரசுக் கட்சி. நியூயார்க்கின் ஐரிஷ் கத்தோலிக்கர் வீட்டில் ஜனநாயகக் கட்சி. தெற்கே இன்னும் சுலபம்: லிங்கனின் குடியரசுக் கட்சிக்குப் போட்டிருக்கக்கூடிய கறுப்பின மக்களை அடித்தும் மிரட்டியும் பெட்டிப் பக்கம் வரவிடாமல் செய்துவிட்டு, தெற்கு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது என்று சொல்லிக்கொண்டார்கள். ஓட்டுச்சீட்டை அரசாங்கம் அச்சடிக்கவில்லை. கட்சிகளே அடித்துக் கையில் திணித்தன. அதைப் பெட்டியில் போடும்போது முதலாளி பார்ப்பார், பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார். மாநிலம் முழுவதற்கும் ரகசிய ஓட்டு என்ற சட்டம் 1888-ல் மாசசூசெட்ஸில்தான் முதலில் வந்தது. மனசாட்சிப்படி போடலாம்தான், மறுநாள் வேலைக்குப் போகவேண்டுமே!

ரெண்டு பக்கமும் இப்படிப் பாறையாய் நின்றதால் நியூயார்க் மாநிலத்தில் ஜெயிப்பவருக்கு மொத்தமாகப் போகும் 36 எலெக்டர் ஓட்டில் எல்லாம் வந்து தொங்கியது. அக்டோபர் 29-ம் தேதி பிளெய்ன் அங்கே இருந்தார். காலையில் ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலில் பாதிரிமார் கூட்டம். வரவேற்றுப் பேசிய சாமுவேல் பர்ச்சர்ட் என்ற போதகர், எதிர்க்கட்சியைக் குடிப்பழக்கத்துக்கும், கத்தோலிக்க மதத்துக்கும், கலகத்துக்கும் பிறந்த கட்சி என்று எதுகை மோனையோடு சாத்தினார். பல மாதம் ஐரிஷ்காரர்களைத் தாஜா செய்து வந்த பிளெய்ன் மறுப்பே சொல்லவில்லை. களைப்பில் காதில் விழவில்லை போலும். எதிர்க்கட்சியின் சுருக்கெழுத்தாளர் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கத்தோலிக்கக் கோயில் வாசல்களில் துண்டுப் பிரசுரம்.

அன்று ராத்திரி டெல்மோனிகோஸ் ஹோட்டலில் ஜே கூல்ட் முதலான கோடீஸ்வரர்களோடு விருந்து. மறுநாள் புலிட்சரின் ‘வேர்ல்ட்’ பத்திரிகை முதல் பக்கத்தில் பெரிய கார்ட்டூன்: பணமூட்டைகள் நடுவே பிளெய்ன், மேஜையில் ஏகபோக சூப், எதிரே கையேந்தும் ஏழைக் குடும்பம். ஒரே நாளில் மதத்தையும் வயிற்றையும் சேர்த்துப் பகைத்துக்கொள்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

பற்றாக்குறைக்குப் பழைய பகை வேறு. ராஸ்கோ காங்க்லிங் என்ற நியூயார்க் தலைவரின் நடையை வான்கோழி நடை என்று 1866-ல் சபையிலேயே கிண்டலடித்திருந்தார் பிளெய்ன். பதினெட்டு வருஷம் கழித்து, அவருக்காகப் பிரசாரம் செய்ய வாருங்கள் என்று காங்க்லிங்கைக் கூப்பிட்டார்கள். கிரிமினல் கேஸ் எடுப்பதை விட்டுவிட்டேன் என்றாராம்.

கிளீவ்லாண்ட் நியூயார்க்கைப் பிடித்தார். பதினோரு லட்சத்துக்கும் மேல் பதிவான ஓட்டில் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம். மொத்த எலெக்டர் கணக்கு 219-க்கு 182. உடனே காரணப் பட்டியல் கிளம்பியது. பர்ச்சர்டின் வாய், டெல்மோனிகோஸ் விருந்து, வான்கோழி நடை. வாக்குப்பதிவன்று கிராமப்புறத்தில் பெய்த மழை. மாநிலத்தில் சுமார் 25,000 ஓட்டு வாங்கிய மதுவிலக்குக் கட்சி வேட்பாளர் செயின்ட் ஜான். முன்னாள் குடியரசுக் கட்சிக்காரர் என்பதால் கோபம் தாங்காமல் அவர் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள்.

ஆயிரம் ஓட்டுக்கு எதைக் காரணம் சொன்னாலும் பொருந்தும். ஆளுக்கு 48, 49 லட்சம் என்று ரெண்டு பேருக்கும் விழுந்ததே, அதற்குக் காரணம் கேட்டவர்தான் குறைவு. அந்த லட்சங்களுக்குக் கள்ளப்பிள்ளையும் தெரியும், எரிக்கச் சொன்ன கடிதமும் தெரியும். எதிராளியின் பாவம் மகாபாவம், நம் ஆளின் பாவம் மனித பலவீனம் என்று பிரித்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த நாலு வருஷத்துக்குள் கிளீவ்லாண்டின் பெயரில் இருந்த கறையெல்லாம் மங்கிவிட்டது; வெள்ளை மாளிகையிலேயே கல்யாணமும் செய்துகொண்டார். அடுத்த தேர்தலில் நாடு முழுக்க எதிரியைவிடக் கூடுதல் ஓட்டும் வாங்கினார். நியூயார்க் கைவிட்டது, வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்தத் தடவை சண்டை இறக்குமதி வரியைப் பற்றி.

பர்ச்சர்டை இன்றுவரை திட்டுகிறார்கள். திட்டட்டும். என் அப்பா போட்ட கட்சிக்கே நானும் போட்டேன், காரணத்தைப் பிறகு தேடிக்கொண்டேன் என்று எந்த வாக்காளன் பத்திரிகைக்காரனிடம் சொல்லப்போகிறான்?